கூரைக்கு நுரை அடிக்கிறவன் என்று சொன்னேன்

கடல் கடந்து கூரைகளின்மேல் நிற்கும் என் மகனுக்கு, சுன்னாகத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இதை வாசித்து முடிக்கும்போது அந்தச் சுகம் கொஞ்சம் குறையும். உன் அறையில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக் கடிதங்களை ஆளுக்கு ஆள் வாசித்துக் காட்டுவீர்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். இதையும் வாசித்துக் காட்டு. ஒளித்து வாசிக்க வேண்டியது ஒன்றும் இதில் இல்லை. அவர்களுக்கும் ஊரில் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கலியாணம் பேசுவார்கள், ஆகவே அவர்களுக்கும் இது உதவும்.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். அளவெட்டியில் பேசிய சம்பந்தம் குழம்பிவிட்டது. குழப்பியது நான்தான். தரகர் உன்னை இஞ்சினியர் என்று சொல்லி வைத்திருந்தார். நீயும் போன கடிதத்தில், தரகர் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், நீங்கள் ஒன்றும் கதைக்க வேண்டாம் அம்மா என்று எழுதியிருந்தாய். நான் கதைத்தேன். அந்த வீட்டு விறாந்தையில், இருந்த எல்லோருக்கும் முன்னால் கதைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஏன் கதைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நீ அங்கே போய்ச் சேர்ந்து எழுதிய முதற் கடிதம் நினைவிருக்கிறதா? இரண்டு குழாய்களில் இரண்டு திரவம் வருகிறது, சுடுகிற துவக்கு மாதிரி ஒன்றின் வாயில் அவை சந்திக்கின்றன, கூரைத் தகரத்தில் விழுந்ததும் அப்பத்துக்குக் கரைத்த மா பொங்குவதுபோலப் பொங்கி, கால் மாற்றி வைப்பதற்குள் இறுகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பொருத்து இல்லை, ஆணி இல்லை, தண்ணீர் நுழைய ஓர் ஓட்டையும் இல்லை என்றாய். விடியற்காலைப் பனி காயும்வரை தொடங்க ஏலாதாம், நனைந்த தகரத்தில் நுரை ஒட்டாதாம். வெயில் அந்த நுரையை அரித்துத் தின்றுவிடும், அதனால் மேலே வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டுமாம். பாலைவனத்து நடுவில் ஒரு பெரிய சாமான் கிட்டங்கிக்கு நீங்கள் நுரை அடித்து முடித்த அன்று, உள்ளே மூட்டை தூக்கும் ஆட்கள் வெளியே வந்து உங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். உள்ளே இப்போது மூச்சு விடலாம் என்று ஒருவன் சைகையில் காட்டினான் என்றாய். அந்தக் கடிதத்தைச் செல்லையா அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். உன் அப்பாவோடும் பிறகு என்னோடும் வேலை செய்து கிழவனான அந்த மனுசன், "உவன் எங்களை வெண்டிட்டான் பிள்ளை" என்றார். வெயிலும் மழையும்தான் நாங்கள் வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்த இரண்டு பேர். நீ அவை இரண்டையும் ஒரே பூச்சில் வெளியே நிறுத்துகிறாய். அப்படிப்பட்டவன் அடுத்த கடிதத்திலேயே தன் வேலையை மறைக்கச் சொல்கிறான் என்றால் எனக்குக் கோபம் வராதா?

உன் அப்பாவைப் பற்றி உனக்கு அதிகம் நினைவிராது. அவர் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கூரை போட்டவர். வீட்டுக் கூரை எடுக்க மாட்டார். வீடென்றால் நூறு பேர் நூறு யோசனை சொல்வார்கள், கடை முதலாளிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சாமான் நனையக் கூடாது என்பார். தகரம், அஸ்பெஸ்ரோஸ் தகடு, தட்டைக் கொங்கிறீட் என்று எல்லாம் செய்தார். கொங்கிறீட் கூரை வெடித்தால் கொதிக்கிற தாரில் சாக்கைத் தோய்த்து ஒட்டி, அதன்மேல் இன்னொரு தார் பூசி, மணல் தூவி, கடைசியில் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கி விடுவார். தார் காய்ச்சுவது என் வேலை. நம்முடைய வளவில், கிணற்றடிக்கு அப்பால், பீப்பாவில் காய்ச்சுவேன். சாக்கை அளந்து வெட்டுவதும் நான்தான். ஆகவே அவர் ஒரு நெல் ஆலையின் அஸ்பெஸ்ரோஸ் தகட்டில் கால் சறுக்கி, தகடு உடைந்து, ஆலைத் தளத்தில் விழுந்து செத்தபோது, அந்த வேலையில் எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏணியில் ஏறுவது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் உன் பெரியப்பா நல்லூரிலிருந்து வந்தார். அவர் கெட்டவர் அல்லர். தம்பியை இழந்த துக்கத்தில் உண்மையாகவே மெலிந்து போயிருந்தார். "ஏணியையும் பீப்பாவையும் வித்துப்போட்டு எங்களோடை வா பிள்ளை. ஒரு அறை சும்மாதான் கிடக்கு. என்ரை மனிசிக்கும் சமையலுக்கு ஒரு உதவியா இருக்கும்" என்றார். எல்லாம் அன்பாகத்தான் சொன்னார். அந்தக் கடைசி வசனம் மட்டும் எனக்குள் போய் முள்ளாகத் தைத்தது. நான் யாருடைய அடுப்படியிலும் உதவியாக இருப்பதற்குப் பிறக்கவில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. அந்த வீட்டில் நீ என்னவாக வளர்ந்திருப்பாய்? கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற பிள்ளையாக, மிச்சச் சோற்றுக்கு நன்றி சொல்கிற பிள்ளையாக வளர்ந்திருப்பாய்.

"நான் வரேல்லை அத்தான். அவர் பொறுப்பெடுத்த சங்கக்கடைக் கூரை பாதியிலை கிடக்கு. அதை முடிக்கப் போறன்" என்றேன்.

"ஆரை வைச்சு முடிக்கப் போறாய்?"

"செல்லையா அண்ணையையும் என்னையும் வைச்சு."

"எங்கடை குடும்பத்துப் பெம்பிளை, அதுவும் தாலி கழட்டினவள், நாலு பேர் பார்க்கக் கூரையிலை ஏறுறதோ? கீழை போற சனம் என்ன சொல்லும்?"

"கீழை போற சனம் மழை வந்தா எங்கை ஒதுங்கும் அத்தான்? கூரைக்குக் கீழைதானே" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் முதன்முதலாக ஏறிய நாளில் செல்லையா அண்ணை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே போய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். உன் அப்பா விழுந்த சத்தத்தை நான் கேட்டதில்லை, ஆனால் அன்று கேட்டேன். பயம் பிறகு போய்விட்டது என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் போகவில்லை. ஏறும்போது அதையும் கூட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன். வெள்ளைச் சேலை கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அதை மடித்துச் செருகி, மேலே உன் அப்பாவின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டேன். ஒரு மாதத்தில் அந்தச் சேலை என்ன நிறம் என்று ஒருவரும் கேட்க முடியாதபடி ஆகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் உன்னைத் தார்க்காரியின்ரை மகன் என்று கூப்பிட்டார்கள். சேர்ட் கிழிந்து நீ வீட்டுக்கு வந்த நாள்கள் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலால் தார் வாளியோடு சைக்கிளில் போக வேண்டாம், பின் ஒழுங்கையால் சுற்றிப் போங்கள் என்று ஒருநாள் நீ என்னைக் கேட்டாய். நான் வாசலால்தான் போனேன். அது அப்போது உனக்குக் கொடுமையாகத் தெரிந்திருக்கும். தெரியட்டும். நான் பின் ஒழுங்கையால் போயிருந்தால், நான் செய்வது ஒளிக்க வேண்டிய வேலை என்று அன்றைக்கே உனக்குச் சொல்லிக் கொடுத்தவளாக இருந்திருப்பேன். அப்படி நான் சொல்லிக் கொடுக்காதபோதே நீ இஞ்சினியராகப் பார்க்கிறாய்.

வெங்காயக் கடைச் சங்கதியை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன் காதுக்கு ஊர்க்கதை மட்டும்தான் வந்திருக்கும். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது நின்றுபோய், எங்கள் செம்மண்ணில் விளைந்தது பொன்னாக விற்ற காலம் அது. சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் நாகலிங்கம் முதலாளிக்கு ஒரே வரிசையில் கடைகள், அவற்றுக்குப் பின்னால் கிட்டங்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தட்டைக் கொங்கிறீட் கூரை. அந்தக் கூரை வெடித்திருந்தது. கோடையில் உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது, மாரியில் ஒழுகியது. வலிகாமத்துத் தோட்டக்காரர் பாதிப் பேர் தங்கள் வெங்காயத்தை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். விலை ஏறும்வரை வைத்திருக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. அழுகல் மணம் றோட்டுவரை வந்துவிட்டது.

முதலாளி செல்லையா அண்ணையிடம் ஆளனுப்பினார். வேலையை நான் செய்யலாம், ஆனால் பொழுது பட்டபிறகு, கடை பூட்டியபிறகு, பின்பக்கத்தால் ஏற வேண்டும். கடைக்குள் பிள்ளையார் படம் இருக்கிறது, இலட்சுமி இருக்கிற இடம், அதற்குமேலே ஒரு கைம்பெண் நடக்கிறாள் என்று சனத்துக்குத் தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றாராம். செல்லையா அண்ணை தலையைக் குனிந்துகொண்டுதான் இதைச் சொன்னார். "பிள்ளை, பெரிய வேலை. இதைச் செய்தா மற்றக் கடைகளும் வரும். கொஞ்சம் யோசியுங்கோ" என்றார்.

நான் யோசித்தேன். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வெடிப்பைத் தேடும் வேலையா இது? தண்ணீர் உள்ளே ஒழுகுவது ஓரிடம், மேலே நுழைவது இன்னோரிடம். அதைப் பகலில் கண்டுபிடிப்பதே பாடு. ஆனால் நான் மறுத்தது அதற்காக அல்ல. என்னை இருட்டில் கூப்பிட்டதற்காக. "பகலிலை ஏறுவன். சந்தை கூடுற நாளிலை ஏறுவன். முன்பக்கத்தாலை, றோட்டைப் பார்த்துச் சாத்தின ஏணியாலை ஏறுவன். அவருக்கு விருப்பமில்லையெண்டா வெங்காயத்தை வைச்சுக்கொண்டிருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

முதலாளி வேறு ஆட்களைப் பிடித்தார். அவர்கள் மழை விட்ட கையோடு நனைந்த கொங்கிறீட்டில் தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு அது தோல் உரிவதுபோல உரிந்தது. பிறகுதான் முதலாளியே எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நான் பழைய ஆள். எனக்கு உள்ள பயத்தைச் சொன்னன். அதிலை கோவிக்க என்ன இருக்கு?"

"கோவம் இல்லை முதலாளி. உங்களுக்கு உங்கடை பயம். எனக்கு என்ரை நிபந்தனை."

"சனம் கடைக்கு வராட்டி?"

"அழுகின வெங்காயத்துக்கும் சனம் வராது."

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி. பகலிலை வாங்கோ" என்றார். முன்பக்கத்தாலை என்று அவர் சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மழை ஓய்ந்து வெயில் எறித்த ஒரு சந்தை நாளில் நாங்கள் போனோம். கடை வாசலில், றோட்டோரத்தில், கல் அடுக்கிப் பீப்பாவை ஏற்றித் தீ மூட்டினேன். வெங்காயப் பிடி கட்டி விற்கிற பெண்கள், மரக்கறிக் கடகத்தோடு வந்தவர்கள், மாட்டு வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏணியை றோட்டைப் பார்க்கச் சாத்தினோம். நான் முதற்படியில் கால் வைத்தபோது, பின்னால் உன் பெரியப்பாவின் குரல் கேட்டது. யாரோ நல்லூருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"இறங்கு பிள்ளை."

"வேலை முடிய இறங்குவன் அத்தான்."

"நான் உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். என்ரை தம்பியின்ரை பேரைச் சந்தியிலை வைச்சு இழுக்காதை. எனக்கும் கலியாணம் முடிக்கிற வயசிலை பெம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

அந்தக் கடைசிச் சொல் என்னைத் தடுத்தது. அதை நான் மறைக்கவில்லை. அவர் தன் பிள்ளைகளுக்காகத்தான் பயந்தார், நானும் என் பிள்ளைக்காகத்தான் ஏறினேன். முதற்படியில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக நின்றேன். அப்போது பொன்னம்மா என்கிற, வெங்காயம் விற்கிற ஒரு மனிசி, கடகத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள். அவளை எனக்கு முகம் தெரியும், கதைத்துப் பழக்கமில்லை. "ஐயா, என்ரை ஆறு மாசப் பாடு உந்தக் கூரைக்குக் கீழை கிடந்து அழுகுது. இவ ஏறினா ஆகாது எண்டால், இவ்வளவு நாளும் இவ ஏறாமல் விட்டதாலை என்ன நல்லது நடந்தது?" என்று பெரியப்பாவைக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். பொன்னம்மா சிரிக்கவில்லை. தார் வாளியின் கயிற்றை எடுத்து என் கையில் தந்தாள்.

நான் ஏறினேன். பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். மேலிருந்து அவருடைய முதுகு போவதைப் பார்த்தேன். வெற்றியாக இருக்கவில்லை, ஆனால் இறங்கவும் தோன்றவில்லை. பழைய தாரைச் சுரண்டி எறிந்து, வெடிப்பைத் திறந்து, தாரும் மணலும் குழைத்து அடைத்து, சாக்கை ஒட்டி மேலே பூசி, கீழிருந்து வாளி வரவர இழுத்தோம். பொன்னம்மாவோடு இன்னும் சில பெண்கள் வாளி கட்டிவிட்டார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுடைய வெங்காயமும் அங்கேதான் கிடந்தது. வெயில் பிடித்த நாள்களில் எல்லாம் ஏறி முடித்தோம், கடைசியில் சுண்ணாம்பு அடித்தோம். அந்த மாரி முழுக்க ஒரு துளி உள்ளே விழவில்லை. அடுத்த கோடையில் முதலாளி கிட்டங்கிக்குள்ளே கதிரை போட்டு மத்தியான நித்திரை கொண்டதை நானே கண்டேன். சந்தைக்குச் சனம் வழக்கம்போல வந்தது. இலட்சுமி எங்கேயும் போகவில்லை.

ஆனால் பெரியப்பா வீட்டுப் படலை எங்களுக்குப் பூட்டப்பட்டது. அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் மல்லாகத்தில் ஒரு கூரையில் நின்றேன். மேளச் சத்தம் எங்கோ கேட்டது, அது அந்தக் கலியாண மேளமல்ல என்று தெரிந்தும் காது அங்கேயே போனது. ஒரு காரியத்தைப் பகலில் செய்வதற்கு விலை இருக்கிறது, நான் அதைக் கொடுத்தேன். நீயும் கொடுத்தாய். பெரியப்பாவின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த நீ, அவர்களைத் திருவிழாவில் கண்டாலும் கதைக்காமல் வர வேண்டியிருந்தது. அதை நான் மறக்கவில்லை. அப்படி இருந்தும் திரும்ப ஏற வேண்டி வந்தால் அதே ஏணியை அதே இடத்தில்தான் சாத்துவேன்.

பிறகு உன் பரீட்சை. நீ எடுத்த புள்ளிகளுக்கு இன்னொரு மாவட்டத்தில் பிறந்திருந்தால் இஞ்சினியர் படிப்புக்குக் கம்பஸ் வாசல் திறந்திருக்கும். இங்கே பிறந்தவர்களுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்று அரசாங்கத்தார் அதை மூடினார்கள். நீ இஞ்சினியராக வர ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டால் உனக்கு இப்போதும் எங்கோ நோகும் என்றும் தெரியும். ஆகவே தரகர் சொன்னபோது அது உனக்குப் பொய்யாக இல்லாமல், பறித்துக்கொண்ட ஒன்றைத் திருப்பித் தந்ததுபோல இருந்திருக்கலாம். எனக்கு அது விளங்குகிறது. ஆனால் மகனே, பறித்தவர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயத்துக்கு நீ ஏன் வெட்கப்படுகிறாய்? அவர்கள் வாசலை மூடினார்கள், நீ கூரைக்கு ஏறினாய். எந்த இஞ்சினியர் கீறிக் கொடுத்த கட்டடத்திலும் உன் நுரை இல்லாமல் அந்த வெயிலில் ஆள் இருக்க ஏலாது என்று நீதானே எழுதினாய்?

அளவெட்டிக்குத் தரகரோடு போனேன். பெண்ணின் தகப்பன் ஓய்வு பெற்ற தபாலதிபர். மரியாதையான மனிசர், சேர்ட்டுக் கைப்பொத்தான்வரை பூட்டியிருந்தார். தாய் பலகாரத் தட்டு வைத்தா. பெண் வதனி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறா, கதவடியில் வந்து நின்றா. சாதகப் பொருத்தம் நல்லது என்று எல்லோருக்கும் சந்தோஷம். தபாலதிபர் என்னைப் பார்த்து, "தம்பி அங்கை எந்தப் பகுதியிலை இஞ்சினியர்?" என்று கேட்டார்.

தரகர் வாயைத் திறக்க முன்னம் நான் சொன்னேன். "அவன் இஞ்சினியர் இல்லை ஐயா. கூரைக்கு நுரை அடிக்கிறவன்."

தபாலதிபருக்கு விளங்கவில்லை. தரகர் பக்கம் திரும்பினார். தரகர் செருமிக்கொண்டு, "அதாவது மேற்பார்வை ஐயா. மேலை நிண்டு பார்க்கிற வேலை" என்றார்.

"மேலைதான் நிக்கிறவன். கையிலை குழாயோடை நிக்கிறவன்" என்றேன். பிறகு நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். இரண்டு திரவம், பொங்குவது, இறுகுவது, வெள்ளைப் பூச்சு, உள்ளே ஆறுகிற வெக்கை. முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறாய் என்பதையும் சொன்னேன். நானும் கூரைக்குத் தார் பூசுகிறவள், அவனுடைய தகப்பன் கூரையால் விழுந்து செத்தவர் என்பதையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

தபாலதிபர், "நீங்கள் உண்மை சொன்னதுக்கு நன்றி. ஆனா எங்கடை ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"நான் இப்ப சொன்ன மாதிரியே சொல்லுங்கோ" என்றேன். நானும் தரகரும் எழும்பி வந்துவிட்டோம். பஸ்சில் தரகர் என்னோடு ஒரே சீற்றில் இருக்கவில்லை. இறங்கும்போது மட்டும் வந்து, "இப்பிடியெண்டா உங்கடை மகனுக்கு இந்தப் பக்கத்திலை பெம்பிளை எடுக்கேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சில நாளில் உன் சாதகம் திரும்பி வந்தது.

இவ்வளவுதான் என்றால் நான் இந்தக் கடிதத்தை இரண்டு வரியில் முடித்திருப்பேன். போன கிழமை ஒரு புதுத் துணிக்கடைக் கூரையில் நின்றேன். கீழே இருந்து செல்லையா அண்ணை, ஒரு பிள்ளை உங்களைத் தேடி வந்திருக்கு என்றார். இறங்கிப் பார்த்தால் வதனி. பள்ளிக்கூடம் விட்டு நேரே பஸ் எடுத்து வந்திருந்தா, கையில் பிள்ளைகளின் கொப்பிக் கட்டு. என் கை முழுக்கத் தார். இருக்கச் சொல்ல ஓர் இடமும் இல்லை. கவிழ்த்து வைத்த வாளியில் இருந்தா.

"உங்களை என்னெண்டு கூப்பிடுறதெண்டு தெரியேல்லை" என்றா.

"வாயிலை வாறபடி கூப்பிடு பிள்ளை."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்டைக்கு ஏன் சொன்னீங்கள்? சொல்லாட்டி எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்று கேட்டா.

"முடிஞ்சிருக்கும். பிறகு ஒருநாள் ஆரேன் வந்து உன்னட்டைத்தான் சொல்லியிருப்பினம். அந்த வீட்டுக்குள்ளை நீ தனிய நிண்டு அதைக் கேட்டிருப்பாய். அதுக்கு நான் ஆளில்லை" என்றேன்.

அவ தலையை ஆட்டினா. அந்த நுரை எவ்வளவு தடிப்பு, மழைக் கனம் தாங்குமா, மூச்சுக்குள்ளே போனால் கெடுதி இல்லையா என்றெல்லாம் விசாரித்தா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். முகமூடி ஒவ்வொரு நாளும் போடுகிறாரா என்று கேட்டா. அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

போக எழும்பியபோது சொன்னா. "ஐயா மாட்டன் எண்டிட்டார். வீட்டிலை ஒரே சண்டை. நான் இன்னும் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அவரின்ரை வேலையிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அதை மறைக்கச் சொன்னவரோ, இல்லைத் தரகரின்ரை வேலையோ எண்டதுதான் எனக்குத் தெரிய வேணும்."

மகனே, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உன்னைக் காட்டிக் கொடுக்கவும் வரவில்லை. "அதை அவனட்டையே கேள்" என்றேன்.

"நான் கேக்க மாட்டன். அவரே எழுதட்டும்" என்றா.

பஸ் வரும்வரை கூட நின்றேன். தார் மணத்தோடு நின்ற என்னிடமிருந்து அவ விலகி நிற்கவில்லை. அதற்காக அவவைக் கட்டு என்று நான் சொல்லவில்லை. தகப்பன் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். இந்தக் கலியாணம் நடந்தாலும் அந்த வீட்டுப் படலை உனக்கு நெடுநாளைக்குத் திறக்காமல் இருக்கலாம். அப்படித் திறக்காத படலைகளோடு வாழ முடியும் என்பதற்கு நான் இருக்கிறேன். உன்னை வேண்டாம் என்பவர்களுக்கு நீ யார் என்று தெரிந்து வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. யாரென்றே தெரியாமல் உன்னை வேண்டும் என்பவர்கள் எனக்குத் தேவையில்லை.

உன் விலாசத்தை நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட விலாசத்தை உனக்குத் தருகிறேன், இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. முதலில் எழுத வேண்டியவன் நீ. "மறைக்கச் சொன்னது நான்தான்" என்று எழுது. அதை எழுதிய பிறகு வேறு எதை எழுதினாலும் அவ வாசிப்பா.